மூன்று கரைகள்

மலராசிரியர் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதும்படி கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுத வல்லார் பலர் உளர் ஆதலின், நான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தேன். முப்பது ஆண்டுகள் பூமிசாத்திரம் படிப்பித்தவன் நான். கடலையும் கரையையும், அலையையும் வற்றுப்பெருக்கையும் கரும்பலகையிலே எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன். ஆயினும், ஒரு கடற்கரையைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதை என் எழுபத்தெட்டாவது வயதில், ஸ்பெயின் தேசத்து வடகரையிலுள்ள ஒரு பட்டினத்திலேதான் கற்றுக்கொண்டேன். கற்ற அன்று மாலையே, அறுபது ஆண்டுகளாக எவரிடத்தும் சொல்லாதிருந்த செய்தியொன்றை என் பேரனுக்குச் சொன்னேன். அவ்விரண்டையும் இங்கு எழுதுகின்றேன்.

அப்பட்டினத்தின் பெயர் சான் செபாஸ்தியான். அந்நாட்டுப் பாஸ்க் மக்கள் தம் மொழியில் அதனைத் தொனோஸ்தியா என்பர். பிரான்சு தேசத்து எல்லையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் தொலைவில், பிஸ்கே விரிகுடாவின் கரையில் அது அமைந்திருக்கிறது. கிழக்கே உர்குல், மேற்கே இகெல்தோ என இரு குன்றுகள் வாயில் காப்போர்போல நிற்கின்றன. அவற்றின் நடுவே சாந்த கிளாரா என்னும் சிறு தீவு கிடக்கிறது. அவற்றுக்கு உட்புறமாகக் கடல் சிப்பிபோல வளைந்து நகரத்தின் உள்ளே வந்து தங்குகிறது.

அந்நகரத்துக்குக் கரைகள் மூன்று. குடாவினுள்ளே இரண்டு, வெளியே ஒன்று. உள்ளே உள்ளவற்றுட் பெரியது லா கொன்ச்சா. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குச் சிப்பி என்பது பொருள். அதன் நீளம் 1,300 மீற்றருக்கு மேலாகும். அதன் மேற்கே, இடையிட்டு நீண்டுநிற்கும் ஒரு பாறை மூக்குக்கு அப்பால், 600 மீற்றர் அளவான ஒந்தரேத்தா உளது. மணற்பாங்கான இடம் என்பது அப்பெயரின் பொருள். மூன்றாவது, உர்குல் குன்றுக்கும் உருமேயா ஆற்றின் முகத்துக்கும் கிழக்கேயுள்ள சுரியோலா. அது 800 மீற்றர் நீளமுடையது. அதற்கு முன்னே தீவுமில்லை, குன்றுமில்லை. திறந்த கடல் நேராக வந்து மோதும். ஒரு கரையிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். ஆயினும் மூன்றும் மூன்று வேறு கடல்கள் எனல் மிகையன்று.

இந்நகரம் கடலாடுவோரின் நகரமானது கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள்ளேயே. 1813ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி, நெப்போலியனின் படையிடமிருந்து நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேய, போர்த்துக்கேயச் சேனைகள் அதனைக் கொள்ளையிட்டன. நகரம் தீப்பற்றி அழிந்தது. எரியாது எஞ்சிய வீதிக்கு இன்றும் 'ஆகஸ்ட் 31' என்பதே பெயர். பின்னர் எழுந்த புதுநகருக்கு 1845ஆம் ஆண்டில் இரண்டாம் இசபெல் அரசி வந்தார். தோல்நோய்க்குக் கடல்நீராடல் நன்று என்று வைத்தியர்கள் விதித்திருந்தனர். அரசியார் வந்த இடத்துக்குப் பிரபுக்கள் வந்தனர். பிரபுக்கள் வந்த இடத்துக்கு வணிகர் வந்தனர். 1863ஆம் ஆண்டு தொடங்கி நகரின் மதில்கள் இடிக்கப்பட்டன. மரியா கிறிஸ்தீனா அரசியார் 1893இல், லா கொன்ச்சாவுக்கும் ஒந்தரேத்தாவுக்கும் இடைப்பட்ட பாறையின் மேலே மிரமார் என்னும் மாளிகையைக் கட்டுவித்துக் கோடைதோறும் தங்கினார். அரச குடும்பத்தார் பிறர் காணாது நீரில் இறங்குதற்பொருட்டு, தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு நீராட்டு வீடொன்றும் அக்காலத்தில் மணலில் இருந்தது. இவற்றை எல்லாம் நான் முன்னரே வாசித்து வைத்திருந்தேன். வாசித்ததே பின்னர் எனக்குப் பகையாயிற்று.

நிற்க. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், இலண்டனில் வசிக்கும் என் மகன் தன் குடும்பத்தோடு எங்கள் இருவரையும் அவ்விடம் அழைத்துச் சென்றான். அந்நகரில் எமக்குக் கிடைத்தது ஒரு முழுநாள் மட்டுமே. ஒரு நாளுக்கு மூன்று கரைகள் என்பதால், காலையுணவின்போதே வழக்குத் தொடங்கிற்று. பதினேழு வயதான என் பேரன் அலைப்பலகையில் ஏறி விளையாடச் சுரியோலாவுக்கே போகவேண்டுமென்றான். ஐந்து வயதான பேத்திக்கு மணல்வீடு கட்ட அமைதியான இடம் வேண்டும். என் மனைவியார்க்கு முழங்கால் நோவு. படிகள் குறைந்த, நிழலுள்ள இடம் வேண்டும். மருமகளோ படங்களிற் பார்த்த லா கொன்ச்சாவைக் காணாது திரும்ப மனமில்லாதிருந்தாள். மகன் என்னை நோக்கி, "அப்பா, நீங்களே முடிவு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் ஒருவரும் மறுக்க மாட்டினம்" என்றான்.

முடிவு சொல்வது எனக்குப் பழக்கமான தொழில். "எல்லோரும் லா கொன்ச்சாவுக்கே போவோம். அரசர்கள் தெரிந்த கரை அது. சுரியோலாவுக்கு எவரும் போகக் கூடாது" என்றேன். பேரன் காரணம் கேட்டான். "கடல் விளையாட்டுக்குரிய பொருளன்று" என்று கூறி எழுந்துவிட்டேன். அவன் முகம் வாடிற்று. உண்மைக் காரணம் வேறொன்று. அதனை அவன் தந்தைக்கும் நான் சொன்னதில்லை.

லா கொன்ச்சாவை அடைந்தபோது மணி பதினொன்றாகியிருந்தது. கரையோர நடைபாதையில் வெள்ளை நிற இரும்புக் கைப்பிடி நீண்டு செல்கிறது. பக்கத்திலே முறுக்கேறிய அடியும் மெல்லிய இலைகளும் உடைய சிறு மரங்கள் நின்றன. அவற்றை அவ்வூரார் 'தமரிந்தோ' என்று அழைப்பர். ஸ்பானிய மொழியில் தமரிந்தோ என்பது நமது புளிக்குரிய பெயர். 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் அராபியச் சொல்லிலிருந்து வந்தது. "இந்த ஊரிலும் புளியா!" என்று வியந்த என் மனைவியார், அருகே சென்று ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து, "இது புளியில்லை" என்று தீர்ப்பளித்தார். அவர் சொன்னது சரியே. அது தமரிஸ்க் என்னும் வேறு சாதி மரம்; உப்புக்காற்றைத் தாங்கி வளர்வது. பெயர் ஒப்புமையால் அவ்வூரார் அதனை அவ்வாறு வழங்குகின்றனர். பெயரை நம்பலாகாது என்ற முதற்பாடம் அங்கேயே எனக்குக் கிடைத்தது. நான்தான் அதனைப் பாடமாகக் கொள்ளவில்லை.

கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. ஈரமணல் கண்ணாடிபோல் விரிந்திருந்தது. குழந்தைகள் ஓடினர், முதியோர் நீரோரமாக நடந்தனர். பாறை மூக்கைச் சுற்றி ஒந்தரேத்தாவுக்கு மணல்வழியாகவே போவோர் வருவோர் பலர். இவ்வளவு அகன்ற கரையில் ஏன் பின்னே ஒதுங்கவேண்டுமென்று எண்ணி, நீருக்கு அணித்தாக நல்ல இடம் பார்த்துப் பாய் விரிப்பித்தேன். மனைவியார் மட்டும் சற்றுத் தயங்கி, "இஞ்சருங்கோ, நேற்றல்லவோ பறுவம்? பறுவத்தோடு கடல் பெருகுமே" என்றார். நான் சிரித்தேன். "அது எனக்குத் தெரியாததா? நம்மூர்க் கடல் எவ்வளவு பெருகும்? இரண்டடி" என்றேன்.

வாசகர்களே, என் பேதைமையைப் பாருங்கள். வற்றும் பெருக்கும் சந்திரனாலும் சூரியனாலும் நிகழ்வன, பறுவத்தும் அமாவாசையிலும் இரண்டின் கவர்ச்சியும் ஒருங்கே கூடுவதால் பெரிதாகும், அட்டமியில் சிறுக்கும், ஆயினும் அதன் அளவு கடலின் வடிவத்தையும் ஆழத்தையும் பொறுத்து ஊருக்கு ஊர் வேறுபடும். இதனை நானே பல நூறு மாணவருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கடலில் பெரும்பெருக்கு ஏறக்குறைய இரண்டடியளவே. பிஸ்கே விரிகுடாவிலோ பறுவகாலத்து நீர் நான்கு மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். அம்மாதத்தில் சந்திரன் பூமிக்கு மிக அணித்தாயும் இருந்தது. ஆதலின் பெருக்கும் பெரிதாயிற்று. புத்தகத்தில் உள்ள அளவு வேறு. பாதத்தில் உணரும் அளவு வேறு. என் பாதம் அறிந்ததோ இரண்டடிக் கடல். சாத்திரம் படிப்பித்த நான் மறந்ததை, பஞ்சாங்கம் பார்த்து விரதம் பிடிக்கும் என் மனைவியார் மறக்கவில்லை.

மதிய உணவுக்குப் பின் நான் கண்ணயர்ந்தேன். பேத்தியின் கூச்சல் கேட்டு விழித்தபோது பாயின் ஒரு பாதி நீரில் மிதந்தது. காலையில் பரந்து கிடந்த மணல் ஒடுங்கி ஒரு நாடாவாகியிருந்தது. கரை முழுதும் சனங்கள் தம் பொருள்களை அள்ளிக்கொண்டு மதிலை நோக்கி நெருங்கினர். என் செருப்பு ஒன்று போயிற்று. மனைவியாரின் கைப்பையை மகன் ஓடிப்போய் மீட்டான். உள்ளேயிருந்த முழங்கால் தைலமும் திருநீற்றுச் சம்புடமும் உப்புநீரில் தோய்ந்தன. பாறை மூக்கைச் சுற்றிய மணல்வழி நீருள் மறைந்துபோயிற்று. மனைவியார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மௌனம் ஒரு பெரிய பிரசங்கத்துக்குச் சமானம்.

மாளிகைக் குன்றின் கீழே குடையப்பட்ட வழியாக நடந்து ஒந்தரேத்தாவுக்குப் போனோம். அங்கே மணல் மிக அகலம். பெருக்குக் காலத்திலும் இடம் மிகுதியாக இருந்தது. பின்னே பூந்தோட்டம், குடைகள், அமர்ந்திருக்க இருக்கைகள். முன்னே தீவும் இகெல்தோ குன்றும் நின்று அலையைத் தடுப்பதால், கடல் குளம்போலக் கிடந்தது. மனைவியார் அமர்ந்த இடத்திலிருந்து, "காலமையே இங்கு வந்திருக்கலாம்" என்றார். முன்னொரு காலத்தில் அக்கரையின் பக்கத்தில் ஒரு சிறைச்சாலை இருந்தது. 1948இல் அது இடிக்கப்பட்டது. கரையின் கோடியில், குன்றின் அடியிற் பாறைகளோடு பாறையாக, எதுவார்தோ சில்லீதா என்னும் அவ்வூர்ச் சிற்பியார் 1970களில் அமைத்த 'காற்றின் சீப்பு' என்னும் மூன்று உருக்குச் சிற்பங்கள் உள. அங்குள்ள நிலத்துளைகள் வழியாகப் பெருக்குநீர் மேலெழுந்து பீறிட்டது. பேத்தி அதனைக் கண்டு கைகொட்டிச் சிரித்தாள். நான் மாத்திரம் சிரிக்கவில்லை. தனியே ஒரு கல்லில் அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்த பேரனை நான் பார்த்தேன்.

காலையில் நான் இட்ட கட்டளைகள் இரண்டு. ஒன்று பிழைத்தது என்பது ஈரப்பாயினால் விளங்கிற்று. மற்றதும் அங்ஙனமே பிழையாயிருக்குமோ? எழுந்து அவனருகே போய், "தம்பி, வா. சுரியோலாவைப் போய்ப் பார்ப்போம். பார்த்தபின் முடிவு சொல்வேன்" என்றேன். அவன் நம்பாதவன்போல எழுந்தான். மகனுடைய செருப்பை அணிந்துகொண்டு அவனோடு நகரப் பேருந்தில் ஏறினேன்.

சுரியோலாவின் ஓசை அதனைக் காணுமுன்னரே கேட்டது. ஆற்றின் முகத்தருகே ரபாயெல் மொனேயோ என்னும் சிற்ப வல்லுநர் வகுத்து 1999இல் திறக்கப்பட்ட குர்சால் மண்டபம், கரையொதுங்கிய இரு கண்ணாடிப் பாறைகளைப் போல நிற்கிறது. அதற்கப்பால் அக்கரை. முற்காலத்தில் அலை அங்கே வீதியின் மதிலை வந்து அறையுமாம். 1990களின் நடுப்பகுதியில் அலைதடுப்பு அணையொன்றை நீட்டி, பெருந்தொகையான மணலையும் கொணர்ந்து இட்டபின்னரே இன்றுள்ள அகன்ற கரை உண்டாயிற்று. நீரெங்கும் இளைஞர், கறுத்த இறப்பர் உடையணிந்து, பலகையிற் குப்புறக் கிடந்து, அலை வருமளவும் காத்திருந்தனர். கரையிலே மஞ்சட்கொடி பறந்தது. பச்சை எனின் நீராடலாம்; மஞ்சள் எனின் எச்சரிக்கையோடு இறங்கலாம்; சிவப்பு எனின் இறங்கலாகாது.

எனக்கு நெஞ்சு படபடத்தது. எனினும் பேரனிடம், "அந்தக் காவற்காரரிடம் போய், எந்த இடத்தில் இறங்குவது நல்லது, எந்த இடம் கூடாது என்று கேள். நானும் வருகிறேன்" என்றேன். உயர்ந்த நாற்காலியில் ஒரு பெண் காவலர் இருந்தார்; வயது இருபத்தைந்துக்கு மேலிராது. பேரன் தான் பாடசாலையிற் கற்ற ஸ்பானிய மொழியிற் கேட்டான். அவர் கீழே இறங்கி வந்து, கையை நீட்டிக் கடலைக் காட்டி மெதுவாக விளக்கினார். பேரன் ஒவ்வொரு வாக்கியமாக எனக்கு மொழிபெயர்த்தான்.

"அப்பப்பா, அந்த இரண்டு அலைவரிசைக்கும் நடுவே ஓர் இடம் தெரிகிறதா? அங்கே அலை உடையவில்லை. தண்ணீர் சற்றுக் கறுப்பாய், அமைதியாய் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதுதான் பாதுகாப்பான இடமென்று நினைத்து அங்கே இறங்குவார்களாம். அதுதான் மிகவும் ஆபத்தான இடமாம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீரெல்லாம் அந்த ஒடுங்கிய வழியாலேதான் திரும்பிக் கடலுக்குப் போகிறதாம். அங்கே ஆழமும் கூட. அதனால்தான் அலை உடைவதில்லை. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாதாம். எவ்வளவு பலசாலியும் களைத்துப்போவானாம். பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டுமாம்."

நான் அந்த அமைதியான நீரையே நோக்கி நின்றேன். என் கால்கள் தளர்ந்தன. மணலில் அமர்ந்துவிட்டேன். பேரன் பதறி, "என்ன அப்பப்பா?" என்றான். அப்பொழுதுதான் அவனுக்குச் சொன்னேன்.

1962ஆம் ஆண்டு, கார்த்திகை விளக்கீடு முடிந்த மறுவாரம். தவணை முடியச் சில நாட்களே இருந்தன. விடுதி மாணவர் ஐவர், எவருக்கும் சொல்லாது, துவிச்சக்கர வண்டிகளில் வடகரைக் கிராமமொன்றுக்குப் போனோம். எனக்கும் அப்பொழுது வயது பதினேழு. வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கரைக்குச் சற்று அப்பால் முருகைக்கற்பாரின் மேலே அலைகள் வெள்ளையாய் உடைந்தன. எங்கே இறங்குவது என்ற வினா எழுந்தது. நானே இடம் காட்டினேன். பாரின் நடுவே, வள்ளங்கள் போய்வரும்பொருட்டு வெட்டிய வான் ஒன்று இருந்தது. அவ்விடத்தில் அலை உடையவில்லை. நீர் அமைதியாய்க் கறுத்திருந்தது. "இங்கே அலை இல்லை, இங்கே இறங்குவோம்" என்றேன். எம்முள் நன்றாக நீந்தத் தெரிந்தவன் ஒருவன். அவனே முதலில் இறங்கினான். சிறிது நேரத்தில் அவன் எம்மை நோக்கி நீந்தக் கண்டோம். ஆயினும் எம்மைவிட்டு விலகியே போனான். கரையை நோக்கிக் கைவீசி வீசி நீந்தினான். பின்னர் கைகள் தெரியவில்லை. மறுநாள் அவன் உடல் கரை சேர்ந்தது.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பது யார் தூரத்தில், வயோதிபக் கடற்றொழிலாளர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். பிறந்த நாள் முதல் அக்கடலை அறிந்தவர் அவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தாற் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை. சோதனைகளில் சித்தியெய்தும் மாணவர் நாம்; அவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினோம் போலும்.

ஒருவரும் எம்மைக் குற்றஞ்சாட்டவில்லை, கடலையே குற்றஞ்சாட்டினர். எட்டுச் செலவன்று அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அன்னையார் என்னைப் பார்த்து, "நீயும் போயிருந்தனீயே, தம்பி?" என்று மட்டும் கேட்டார். "ஓம், அம்மா" என்றேன். இடத்தைக் காட்டியவன் நானே என்பதைச் சொல்ல வாய் எழவில்லை. அன்று முதல் கடல் என்றாலே எனக்கு ஒரே சொல்தான்: 'கூடாது.' என் மகன் நீந்தக் கற்றது இலண்டனுக்குப் போனபின்பே. அமைதியான நீரில் இறங்கிய நண்பன் ஏன் திரும்பவில்லை என்பதை அறுபது ஆண்டுகளாக நான் விளங்கிக்கொள்ளவுமில்லை. புத்தகங்களில் நீரோட்டங்களைப் பற்றிய பகுதியைப் படிப்பித்த நாட்களிலும், அதனை அந்த வானோடு பொருத்திப் பார்க்க என் மனம் இடந்தரவில்லை. அந்நியதேசத்து இளம்பெண் ஒருவர் கைநீட்டிக் காட்டியபோதே கண்டேன்.

பேரன் என் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், "நான் இறங்கவில்லை, அப்பப்பா. வீட்டுக்குப் போவோம்" என்றான். அவ்விடத்தில் நான் 'நல்லது' என்று எழுந்திருக்கலாம். அதுவே எனக்கு எளிது. ஆனால் எனது பயத்தை அவனுக்குச் சீதனமாகக் கொடுப்பது நியாயமன்று என்று தோன்றிற்று. அவன் நீந்த அறிந்தவன்; கேட்க வேண்டியவரிடம் கேட்டவன்; எந்த நீர் இழுக்கும் என்பதை இப்பொழுது கண்ணால் அறிந்தவன். நானும் என் நண்பனும் அற்றிருந்தவை எல்லாம் அவனிடம் இருந்தன. "நீ இறங்கு. காவலர் காட்டிய எல்லைக்குள் நில். அரைமணி நேரம். நான் இங்கேயே இருப்பேன்" என்றேன்.

வாடகைப் பலகையும் உடையும் பெற்றுக்கொண்டு அவன் நீரில் இறங்கினான். அந்த அரைமணி நேரத்தை அளக்க எந்தக் கடிகாரமும் போதாது. கறுத்த உடையணிந்த ஐம்பது தலைகளுள் எது அவனுடையது என்று தெரியாது தேடினேன். ஒருமுறை ஓர் அலை அவனைக் கவிழ்த்தது. பலகை மட்டும் மேலெழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன். காவலர் என்னைத் திரும்பிப் பார்த்து, தாம் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். அடுத்த கணம் அவன் தலை தெரிந்தது. எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ பலகையின்மேல் எழுந்து நின்றான். இரண்டு விநாடி நின்றிருப்பான். அவ்விரண்டு விநாடியில் அவன் என்னைத் தேடிக் கையசைத்தான். நானும் கையசைத்தேன்.

அன்றிரவு பழைய நகரத்தில் நடந்தோம். அன்று ஆகஸ்ட் 31 ஆதலின், 1813ஆம் ஆண்டின் எரிப்பை நினைவுகூர்ந்து அவ்வீதியார் மெழுகுதிரிகளை ஏற்றி வைத்திருந்தனர். மனைவியார், "நம்முடைய விளக்கீடு போல் இருக்கிறது" என்றார். பேரன் என் கையைப் பற்றிக்கொண்டான். அவனுக்கும் எனக்கும் மட்டுமே அதன் காரணம் தெரியும். பின்னர் விடுதிக்குத் திரும்பி, மனைவியார்க்கும் மகனுக்கும் யாவற்றையும் சொன்னேன்.

சான் செபாஸ்தியானுக்குப் போகும் பழைய மாணவர் எவரேனும், மூன்று கரைகளுள் எது சிறந்தது என்று என்னைக் கேட்பின், விடை கூறுவேன். சிறு பிள்ளைகளோடும் முதியோரோடும் போவாராயின் ஒந்தரேத்தா. அழகைக் கண்டு உலாவ விரும்புவாராயின் லா கொன்ச்சா. ஆனால் வற்றுநேரத்தை விசாரித்துப் போகவேண்டும், பாயை மேலே விரிக்கவேண்டும். அலையோடு பொருத விரும்பும் இளைஞராயின் சுரியோலா. ஆனால் நீந்தக் கற்று, கொடியைப் பார்த்து, காவலரிடம் கேட்டு இறங்கவேண்டும். கரையின் சிறப்புப் பெயரில் இல்லை. அரசர் தங்கியதில் இல்லை. போகிறவர் யார், போகும் நேரம் எது என்பதில் இருக்கிறது.

இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அலை இல்லாத இடம் ஆபத்தில்லாத இடம் என்று எண்ணாதீர்கள். தெரியாத நீரில் இறங்குமுன், அந்நீரை அறிந்தவர் பக்கத்தில் இருப்பாராயின் அவரிடம் கேளுங்கள். அவர் வலை பொத்துபவராயினும் நாற்காலியில் இருக்கும் சிறு பெண்ணாயினும் கேட்பதில் இழுக்கில்லை. ஆசிரியராயிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கூடாது' என்ற சொல் பிள்ளைகளைக் காக்கும் என்று நான் அறுபது ஆண்டுகள் நம்பியிருந்தேன். எங்களுக்கும் அன்று விடுதியில் அதே சொல்தான் சொல்லப்பட்டிருந்தது. காரணத்தைச் சொல்லாத தடை, மதிலேறிக் குதிப்பவனைத் தடுப்பதில்லை.

அந்நண்பனின் பெயரை இங்கு எழுதேன். அவன் காலத்தவர் அறிவர். அன்று கரையில் நின்ற நால்வருள் இன்று இருவரே உளோம். மற்றவர் இவ்வரிகளை வாசிக்கும்போது, இடத்தைக் காட்டியவன் யார் என்பதை நான் மறக்கவில்லை என்று அறிவாராக. அவன் அன்னையார் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்று கூறாது விட்ட மீதி விடையை, அவருக்குரிய வணக்கத்தோடு இம்மலரில் வைக்கின்றேன்.